தவசு காலத்து ஈரல் ஊசி

எழுபதுகளில், புதுத் துறைமுகம் வந்த பிறகும் பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு வேலை இருந்த வருடங்களில், நான் தூத்துக்குடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு நின்றது. அதன் பிறகு ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏற்றினேன், உப்பளத்தில் உப்பு வாரினேன், காயல்பட்டினத்தில் ஒரு கடையில் சாக்கு தைத்தேன். எந்த ஊரிலும் கால் தரிக்கவில்லை. தூத்துக்குடியில் மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தங்கினேன். காரணம் சோறுதான்.

கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு அக்காவின் வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு இருந்தது. அதில் நானும் கீழவைப்பார்க்காரர் ஒருவரும் தங்கியிருந்தோம். அக்காவின் வீட்டுக்காரர் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் வேலை பார்த்தார். வீட்டில் இருந்த நாட்களைவிடக் கடலில் இருந்த நாட்கள்தான் அவருக்கு அதிகம். அக்கா இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போவாள். சாயங்காலம் திரும்பி வந்து எங்களுக்கும் சேர்த்துச் சமைப்பாள். அவள் வைக்கும் சாளைக் குழம்பின் புளி வாசனை தெரு முனையிலேயே வந்துவிடும். அதற்காகவே வேலை முடிந்ததும் வேறெங்கும் நிற்காமல் வந்துவிடுவோம். அதற்குப் பின் எத்தனையோ ஊர்களில் சாப்பிட்டிருக்கிறேன். அப்படி ஓடிப்போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தது வேறெங்கும் இல்லை.

அந்த வருடம் பனி குறைந்த நேரத்தில் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அசதிதான். சோற்றை வடித்துவிட்டுப் பானையைப் பிடித்தபடியே கண் அசந்துவிடுவாள். கை விரல் மரத்துப்போகும். உள்ளங்கால் எரியும். படுக்கப் போகும்போது ஈரச் சாக்கில் காலை வைத்துக்கொள்வாள். "அடுப்ப மிதிச்ச மாதிரி இருக்குலே தம்பி" என்பாள்.

வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, அவளும்தான். ஆனால் கம்பெனியில் நீளமான மேசைக்கு முன்னால், ஐஸ் தண்ணீர் ஓடும் சிமெண்டுத் தரையில், நாள் முழுக்க நின்றுதான் இறால் உரிக்க வேண்டும். அவள் இரண்டு முறை மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு தடவை உட்கார்ந்தால் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். தோணி திரும்பும்வரை வீடு ஓடுவது அந்தச் சம்பளத்தில்தான். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டாள். அன்று எனக்குச் சரக்கு இறக்கக் கப்பல் இல்லாததால் கூடப் போனேன்.

டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"என்னம்மா சாப்பிடுறே?"

"மீனுதான் சார். நாங்க கடக்கரைக்காரங்க."

"வீட்டுல மீன் ஆக்குறது தெரியுது. திங்கிறது யாரு?"

அக்கா சிரித்துச் சமாளித்தாள். எனக்கு அவள் தட்டு தெரியும். எங்கள் தட்டில் மீன் விழும். அவள் தட்டில் குழம்பு மட்டும். காலையில் நீராகாரமும் பச்சை மிளகாயும். டாக்டர் பி காம்ப்ளக்ஸ் ஊசி எழுதிக் கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார்.

அந்த ஊசிக்கு அப்போது ஊரில் பெரிய பேர். கருஞ்சிவப்பாக இருக்கும். ரத்தத்தையே ஏற்றுகிறார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. வெள்ளை ஊசி என்றால் காய்ச்சலுக்கு, சிவப்பு ஊசி என்றால் தெம்புக்கு. மருந்துக்கடைக்குப் பின்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த கம்பவுண்டர் அண்ணாச்சி, சிரிஞ்சைக் கொதிக்க வைத்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவார்.

இரண்டு ஊசி போட்டாயிற்று. மூன்றாவது ஊசிக்குப் போன அன்று அண்ணாச்சி ஊசியைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா மருந்துப் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏலே, நீ படிச்சவந்தான? என்ன எழுதிருக்குன்னு வாசி."

இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் வாயில் நுழையவில்லை. ஒரு வார்த்தை மட்டும் தெரிந்த வார்த்தை மாதிரி இருந்தது. "லிவர்னு போட்டிருக்கு அக்கா" என்றேன். கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்சில் ஒரு இரும்புப் பிடி உண்டு. அதை இழுத்தால்தான் மூட்டைக்கட்டு மேலே எழும்பும். அதற்கு நாங்கள் லிவர் என்றுதான் சொல்வோம். "ஆளத் தூக்கி நிறுத்துத மருந்துல்லா, அதான் அப்பிடிப் பேரு வச்சிருக்கான்" என்று விளக்கமும் கொடுத்தேன்.

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. "ஏ கூறுகெட்டவனே! லிவர்னா ஈரலு. மாட்டு ஈரல்ல சாறு எடுத்து இதுல சேத்திருக்கான்."

அக்கா ஏற்றிப் பிடித்திருந்த சேலையை இறக்கிவிட்டாள்.

"மாட்டு ஈரலா? இது தவசு காலம்லா அண்ணாச்சி."

ஈஸ்டர் நோன்பான தவசு காலம் விபூதிப் புதனில் தொடங்கும். அதற்கு முந்தின நாள்தான் தோணி புறப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று அவள் மாதாவிடம் நேர்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, ஈஸ்டர் வரைக்கும் எல்லா நாளும் சுத்தபோசனம். மீன் சேரும், கறி கூடாது. இப்போது இரண்டு ஊசி மாடு உள்ளே போய்விட்டது.

"நீ என்ன குழம்பு வச்சா திங்கப்போற? இடுப்புல குத்துறதுக்கு எந்தச் சாமி கோவிக்கும்?" என்றார் அண்ணாச்சி.

"வாய்வழி போனா வயித்துக்கு, ஊசிவழி போனா ரத்தத்துக்கு. ரெண்டும் உள்ளதான போவுது?"

வீட்டுக்கு வந்ததும் கீழவைப்பார்க்காரர் அவர் பங்குக்கு யோசனை சொன்னார். "சுறா ஈரல்ல செஞ்ச ஊசி இருக்கான்னு கேளுங்க. மீனு சுத்தபோசனத்துல சேரும்லா." மறுநாள் நான் அதையும் போய்க் கேட்டேன். "சுறா ஈரல்ல எண்ணெய்தாம்லே வரும். அதக் குடிச்சிட்டு அவ கம்பெனிக்குப் போனா உரிச்ச இறாலும் எந்திரிச்சு ஓடிரும்" என்றார் அண்ணாச்சி.

அன்று சாயங்காலப் பூசை முடிந்ததும் அக்கா பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள். நான் கோயில் வாசலில் நின்றேன். நான் பனங்காட்டுப் பக்கத்து ஆள், எங்கள் சாமி வேறு. ஆனாலும் பேச்சு காதில் விழுந்தது.

"மருந்து உணவு ஆகாதம்மா. நோயாளிக்கு விலக்கு உண்டு. தைரியமாப் போட்டுக்க."

"நேர்ந்தப்ப நா நோயாளி இல்லையே சாமி."

"அதனால என்ன?"

"நா மாதாட்ட சொன்ன சொல்லு. நடுவுல நீங்க விட்டுக்குடுத்தா எப்பிடி?"

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்த?"

"தெரிஞ்சுக்கிடத்தான்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஈஸ்டர் வரை ஊசி வேண்டாம் என்று அக்கா சொன்னதற்கு டாக்டர் திட்டிவிட்டு, ஈரல் சேராத மாத்திரை எழுதிக் கொடுத்தார். மெதுவாகத்தான் கேட்கும் என்றார். அதைச் சாப்பிட்டதும் மூத்திரம் மஞ்சளாகப் போக, பக்கத்து வீட்டுக்காரி காமாலை என்று சொல்லிக் கீழாநெல்லியை அரைத்தே கொண்டுவந்துவிட்டாள். அது மாத்திரையின் நிறம் என்று அண்ணாச்சி தெருவுக்கே வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஈஸ்டர் வரை அவளை நிற்க வைத்தது மாத்திரை மட்டுமல்ல, மேசையில் நின்ற மற்ற பெண்களும்தான். அவளை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் நெருங்கி நின்றுகொள்வார்களாம். அவள் அவர்கள் மறைவில் பெட்டி மேல் உட்கார்ந்து உரிப்பாள். சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் கடைசியில் நிற்பவள் உரக்க ஜெபமாலை ஆரம்பிப்பாள். உடனே அக்கா எழுந்துவிடுவாள். "தவசு காலத்துல என்ன பக்தின்னு அந்த மனுசன் செருப்பக் கழத்திட்டு நிக்காருலே" என்று சாப்பாடு போடும்போது சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கே அவளுக்கு மூச்சு வாங்கும்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை அவளே முதலில் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "மாடோ ஆடோ, போடும் அண்ணாச்சி." அதே வாரத்தில் தோணியும் வந்தது. ஆள் கறுத்து மெலிந்து, சிரித்துக்கொண்டு இறங்கினார். அவர் வந்தது நேர்ச்சையால் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. முதல் வேலையாக அவர் அவள் தட்டில் மீனை எடுத்து வைத்தார். நாங்களும் அதன்பிறகு தட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டோம்.

ஊசி முழுவதும் முடிந்தபோது அசதி போய்விட்டது. கால் எரிச்சல் அடங்கிற்று, ஈரச் சாக்கு காய்ந்து கிடந்தது. தெருவில் யாரைக் கூப்பிட்டாலும் பழைய குரல் கேட்டது. ஆசைப்பட்டு நானும் முதுகு வலிக்கு ஒரு சிவப்பு ஊசி போட்டுக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. "ஒனக்குச் சத்து கொறையலலே, மூட்டதான் கூடிப்போச்சு" என்றார் அண்ணாச்சி.

அக்காவுக்கும் ஒரு வலி மிச்சம் இருந்தது. சாயங்காலம் ஆனால் கெண்டைக்காலும் இடுப்பும் விண்ணென்று தெறிக்கும். அது நின்று நின்று வரும் வலி, அதற்குப் புட்டியில் மருந்து இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அந்த மாதம் துறைமுகத்தில் வேலை குறைந்ததால் நான் இறால் கம்பெனிக்கு ஐஸ் உடைக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் அக்கா மறைவெல்லாம் இல்லாமல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் வந்தார். யாரும் ஜெபமாலை சொல்லவில்லை.

"எந்திரி."

"எந்திரிக்க மாட்டேன். உக்காந்து உரிச்சா இறாலு கெட்டாபோவும்?"

"அன்னைக்கே சொன்னேன்லா, உக்காந்தா வேலைக்கு வராதன்னு?"

"அன்னைக்குப் பேசத் தெம்பில்ல. இன்னைக்கு இருக்கு. உரிச்சத நிறுத்துப் பாரும். கொறஞ்சா நானே போயிருதேன்."

பக்கத்தில் நின்றவள் தன் பெட்டியைக் காலால் இழுத்தாள். அவளுக்கு அடுத்தவளும் இழுத்தாள். மேசை நெடுகப் பெட்டிகள் சிமெண்டில் உரசும் சத்தம். சூப்பர்வைசர் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என் பக்கம் திரும்பி, "ஐஸப் போடுலே, என்ன வேடிக்கை?" என்றார். நான் ஐஸைப் போட்டேன்.

அன்று எல்லாருமே உட்கார்ந்துதான் உரித்தார்கள். மேசை நிற்பவர்களுக்கென்று செய்தது, உயரம். கையைத் தூக்கித் தூக்கி உரித்ததில், வீட்டுக்கு வந்ததும் அக்கா தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கம்பவுண்டர் அண்ணாச்சிட்ட போவமா அக்கா?" என்றேன்.

"அவருட்ட எதுக்கு? நாளைக்கு மேசைக் கால அறுக்கச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, அடுப்பை ஊதப் போனாள்.