குழிக்குள் யார் நிற்பது

காலை ஆறு பத்து. ஆரியசாலையில் வந்து நின்ற வேனின் ஜன்னலுக்கு வெளியே ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகப் பெயிண்ட் அடித்திருந்தது. மறுமுனையைப் பழைய துணியால் பிடித்தபடி ஆராய்ச்சி மாணவி உட்கார்ந்திருந்தாள். அவள் நகங்களிலும் சிவப்பு.

"தொட்டுராதீங்கக்கா. இன்னும் காயல்ல. ராத்திரி பூரா மழல்லா."

கழக்கூட்டத்துக்கு அப்பால் அடுக்குமாடி கட்ட அஸ்திவாரம் தோண்டிய இடத்தில் முதுமக்கள் தாழி கிடைத்து, அங்கே அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. பத்திரிகை வேலையை விட்டபின் நான் அங்கே படம் எடுக்கச் சேர்ந்திருந்தேன். அவளுடைய முனைவர் பட்டத்துக்கான குழி அது. தாழியைப் படம் எடுக்கும்போது அதன் அளவு தெரிய, பக்கத்தில் ஓர் அளவுகோல் நிற்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் குழாய்க்குப் பட்டை அடித்திருந்தாள்; சென்ற ஆண்டு வரை அங்கே கோல் இருந்ததில்லை. மாணவிகளில் ஒருத்தியை இறங்கி நிற்கச் சொல்வார்கள்.

அப்போதைய இயக்குநர் பெரும்பாலும் இவளைத்தான் அழைத்தார். நிமிர்ந்து நில், திரும்பு என்பார். பிறகு தானே இறங்கி, இடுப்பில் கைவைத்துத் திருப்புவார். மேலே நிற்பவர்களிடம் அவள் உடம்பைப் பற்றி ஏதாவது சொல்வார், அவர்கள் சிரிப்பார்கள். அவள் புகார் கொடுத்தாள். குழு விசாரித்தது, அவரை நீக்கினார்கள். புதிய இயக்குநர் வந்ததும் கொட்டகைச் சுவரில் நடத்தை விதிகளையும், புகார் சொல்ல வேண்டிய எண்ணையும் எழுதி ஒட்டினார்.

"போர்டு ஆரு வேணும்னாலும் வைப்பா," என்றாள் வேனில். "சார் எப்பிடின்னு மொத படம் எடுக்கும்போ தெரிஞ்சிரும். சரியில்லன்னா டெக்னோபார்க் கம்பெனி வேலைக்குப் போயிருவேன். திங்கக்கிழம சேரச் சொல்லியிருக்கா. அம்மைக்கும் அதுதான் இஷ்டம்."

ஏழரைக்குத் தாழியின் கழுத்துவரை சுத்தம் செய்து முடித்தோம். எட்டு மணிக்குள் அன்றைய பதிவுக்கான படத்தை எடுத்தாக வேண்டும். அதற்குமேல் பாதிக் குழியில் வெயில் விழுந்து, மண்ணின் நிற வேறுபாடு படத்தில் தெரியாமல் போய்விடும். அவள் கோலைத் தூக்கிப் பார்த்தாள். பெயிண்ட் கையோடு வந்தது. தாழியில் பட்டால் போகாது.

"அப்போ யார் நிக்கறா?" என்று கேட்டார் இயக்குநர்.

குழியைச் சுற்றி நின்ற எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. யாரும் திட்டமிட்டுத் திரும்பவில்லை. பழக்கம். அவள் சிவப்புக் கையைத் துணியில் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நில்லுங்க சார்," என்றாள்.

இயக்குநர் கரமனைக்காரர். பேச்சு இன்னும் அந்த அக்ரகாரத் தெருவில்தான் இருக்கிறது. "நானா? நின்னா போச்சு. செருப்பைக் கழட்டணுமோ?"

"கழட்டணும் சார். தாழிக்கு ரெண்டு சாண் தள்ளி."

அவர் ஏணியில் இறங்கினார். மண் சுமக்க வந்திருந்த உள்ளூர்ப் பெண்கள், எங்கள் சேச்சிமார் நால்வரும் கூடையை வைத்துவிட்டு விளிம்புக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் மலையாளத்தில் ஆரம்பித்தார்.

"சாரின்டெ வயறு படத்தில் கொள்ளுமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்து, வயிற்றை எக்கினார். அவள் மட்டும் கையை உயர்த்தினாள்.

"அது வேண்டாம் சேச்சி. குழிக்குள்ள நிக்கிறவங்க உடம்பப் பத்திப் பேச்சு கெடையாது. ஆரா இருந்தாலும்."

சிரிப்பு நின்றது. சேச்சி அவளைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார்.

"அப்போ தொப்பியைப் பற்றிப் பறயாமோ?"

அவள் யோசித்தாள். இயக்குநரின் தொப்பி சாலை பஜாரில் வாங்கியது, விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு பக்கம் காக்கை எச்சம்.

"தொப்பியப் பத்திப் பேசலாம்."

அதன்பின் கால் மணி நேரம் தொப்பியைத் தவிர வேறு எதுவும் பேசப்படவில்லை. தாழியோடு கிடைத்திருக்கும் என்றார் ஒருவர். தாழிக்கு மூடி கிடைத்துவிட்டது என்றார் இன்னொருவர். அவள் விளிம்பில் குந்தி, "எடப்பக்கம் சார். மதி, போதும். மூச்சு விட்டுக்கிடலாம்," என்று உத்தரவிட்டுக்கொண்டிருந்தாள். குரலில் நான் அதுவரை கேட்காத ஒரு தாராளம்.

"தொப்பியைக் கழட்டிடட்டுமா?" என்றார் அவர், பரிதாபமாக.

"வேண்டாம் சார். அதுக்கும் அளவு இருக்கு. அளந்துக்கிடுதேன்."

பத்திரிகையில் இருந்த காலத்தில், ஆள் இல்லாத படத்தைப் பக்கம் அமைப்பவர் திருப்பி அனுப்புவார். இங்கே ஆள்தான் இடைஞ்சல். கண் முதலில் முகத்துக்குப் போய்விடுகிறது, தாழி இரண்டாவதாகிவிடுகிறது. அன்றைய படத்தில் கண் தொப்பிக்குப் போனது. எட்டு மணிக்குச் சற்று முன்னால் எடுத்தேன். ஓரத்தில் ஒரு சேச்சியின் கூடை வந்திருக்கிறது, மேலே நிற்பவர்கள் சிரித்துக் குலுங்கியதில் தூசி பறக்கிறது. இரண்டும் அகழாய்வுப் படத்தில் இருக்கக் கூடாதவை. நான் அழிக்கவில்லை.

மதியம் கோல் காய்ந்தது. மறுநாள் காலை அதே நிழலில் அதை நிறுத்தி, அறிக்கைக்கான படத்தை எடுத்தோம்.

அவளைக் கம்பெனியில் சேரச் சொல்லியிருந்த திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, அவள் குழியில், அவள் கரண்டிக்கு அடியில், இரண்டாவது தாழியின் விளிம்பு தெரிந்தது.