மிச்சம் பிடித்த மூச்சு

வெள்ளவத்தையில் கார் வைத்திருக்கும் பலரைப் போல நானும் அதைக் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வேலைக்குப் போய்வரத்தான் பாவிக்கிறேன். ஆனால் டிக்கியைத் திறந்தால் பாலைவனம் கடக்கப் போகிறவனுக்கு வேண்டியதெல்லாம் இருக்கும். பற்றரி செத்தால் காரை உயிர்ப்பிக்கும் பெட்டி, ரயருக்குக் காற்றடிக்கும் சின்னப் பம்பு, கண்ணாடி உடைக்கும் சுத்தியல், வீதியில் வைக்கும் சிவப்பு முக்கோணம், நெற்றியில் கட்டும் லைற். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஒரு பல்பு வாங்கப் போனால் மூன்று பெட்டிகளோடு திரும்புவேன்.

"இது காரோ, ஹார்ட்வெயார் கடையோ?" என்பாள் மனைவி.

அவள் கொழும்பிலே பிறந்து வளர்ந்தவள். நான் யுத்தமும் பொருளாதாரத் தடையுமாக ஒன்றும் கிடைக்காத காலத்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். தேவைப்படும் நேரத்தில் ஒரு பொருள் கையில் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

அம்மாவுக்கு நுரையீரல் இறுகும் நோய். வீட்டிலும் வெளியிலும் ஒட்சிசன் மெஷினோடுதான் இருப்பார். தோளில் மாட்டக்கூடிய சின்ன மெஷின் அது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மூக்குக்குப் போகும். ஒவ்வொரு மூச்சுக்கும் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஒருநாள் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து பெரியம்மாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். பெரியம்மா அம்மாவின் ஒரே அக்கா.

"ஆஸ்பத்திரியாலை வீட்டை அனுப்பிட்டினம். மூச்சு எடுக்கச் சரியாக் கஷ்டப்படுறா. மெஷின் ஒண்டு வாடகைக்குக் கேட்டிருக்கிறம், இன்னும் வரேல்லை. சித்தியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா."

அம்மா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். "தம்பி, என்னைக் கொண்டுபோய் விடு" என்றார். போகத்தான் வேண்டுமா என்று டொக்டர் கேட்டபோதும் ஒரு "ஓம்" மட்டும்தான்.

அவ்வளவு தூரத்தை அம்மா தாங்குவாரா என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் போகாவிட்டால் சகோதரிகள் இருவரும் இனிமேல் ஒருவரை ஒருவர் பார்க்கப்போவதில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் என் பாணியில் ஆயத்தமானேன். சிக்னல் இல்லாவிட்டாலும் வழி காட்டும்படி வரைபடச் செயலியில் முழுப்பாதையையும் இறக்கி வைத்தேன். வழியிலுள்ள ஆஸ்பத்திரிகளை எல்லாம் அதில் குறித்தேன். விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் கருவிக்குப் புதுப் பற்றரி போட்டேன். அவசரத்துக்கு ஒரு சின்ன ஒட்சிசன் சிலிண்டரும் வாங்கினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, மெஷினைக் காரிலேயே சார்ஜ் பண்ணும் வயர். அதைச் செருகிக் காட்டி அம்மாவுக்கு விளக்கினேன்.

"கார் ஓட ஓட இதுக்கு சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். முடியவே முடியாது அம்மா."

கடைக்காரன் தன் சாமானைப் புகழும்போது தலையாட்டுவது போல அம்மா தலையாட்டினார்.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் நானும் மட்டும் விடியப் புறப்பட்டோம். அம்மா முன் இருக்கையில் மெஷினை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று எல்லாம் ஒழுங்காகப் போனது. செயலியில் ஒரு பெண்குரல் வழி சொல்லிக்கொண்டே வந்தது. ஏசியின் இரைச்சல் வேறு. அனுராதபுரம் தாண்டியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அந்தப் பாதையில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரை நிறுத்திக் கும்பிடாமல் தாண்டாது. எத்தனை கருவி வைத்திருந்தாலும் நானும் தாண்டமாட்டேன். தேங்காய் உடைத்துவிட்டுத் திருநீறோடு வந்து அம்மாவின் நெற்றியில் பூசினேன். நெற்றி குளிர்ந்து வியர்த்திருந்தது. உதடு கருத்திருந்தது. சேலைத் தலைப்பை விலக்கினேன். மெஷினில் ஒரு லைற்றும் இல்லை.

மெஷினைப் போடும் ஆளியை அழுத்தினேன். அம்மாவின் விரலில் கருவியை மாட்டினேன். அதில் நான் ஒருநாளும் பார்த்திராத குறைந்த இலக்கம் விழுந்தது. அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு அந்த இலக்கம் ஏறும்வரை வீதியோரத்தில் நின்றேன். மெல்ல மெல்ல முகத்தில் நிறம் வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

"ஆர் நிப்பாட்டினது?"

"நான்தான். முழுக்க நிப்பாட்டேல்லை. நீ ரோட்டைப் பாக்கேக்கை இடைக்கிடை."

"ஏனம்மா?"

"மிச்சம் இருக்கட்டும் எண்டுதான்."

"காரிலை சார்ஜ் ஏறுது எண்டு எத்தினை தரம் சொன்னனான்!" நான் போட்ட சத்தத்தில் கச்சான் கடலை விற்கிற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம், சொன்னனீதான். சத்தம் போடாதை, கோயிலடி."

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பற்றரியும் மின்சாரமும் இல்லாமல் நாங்கள் வருடக்கணக்காக இருந்தோம். அம்மாவும் பெரியம்மாவும் அப்போது ஒரே வீட்டில்தான். செத்த பற்றரிகளை முற்றத்து வெயிலில் காயவைத்துத் திரும்பவும் போட்டுப் பார்ப்பார்கள். அதுவும் சரிவராதபோது, தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் பெடலை நான் கையால் சுற்றுவேன். டைனமோவில் றேடியோ பாடும். எப்படியோ ஒரு சோடிப் பற்றரி கிடைத்தால் அது செய்திக்கு மட்டும்தான். செய்தியின் கடைசிச் சொல்லுக்கு முன்பே பெரியம்மாவின் விரல் றேடியோ ஆளிக்குப் போய்விடும். ஒரு பாட்டுக்காவது விடச்சொல்லி நான் அழுதிருக்கிறேன். விடமாட்டார். அந்தக் காலம் எனக்கு எதையும் வாங்கிக் குவிக்கிற வியாதியைத் தந்தது. அவர்களுக்கு எதையும் செலவழிக்க மனம் வராது.

மீதித் தூரம் முழுவதும் செயலியின் குரலை நிறுத்திவிட்டு 'புஸ்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். ஆனையிறவு தாண்டும்போது அம்மா, "இன்னும் கனதூரமோ?" என்றார். இல்லை என்றேன்.

பெரியம்மா கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தார். தோள் இரண்டும் ஏறி இறங்க, முழு உடம்பாலும் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அம்மா கட்டிலின் ஓரத்தில் இருந்தார். அழவில்லை. நலம் விசாரிக்கவில்லை. தன் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அதைப் பெரியம்மாவின் மூக்கில் வைத்துக் காதுகளில் மாட்டிவிட்டார்.

"மூக்காலை இழு அக்கா. உனக்கெண்டுதான் மிச்சம் பிடிச்சுக்கொண்டு வந்தனான்."

சுவரில் செருகும் வயரைக் கையில் பிடித்தபடி நான் வாசலில் நின்றேன். முறிகண்டியில் அம்மாவைப் பார்த்துக் கத்தியது நினைவுக்கு வந்தது. சார்ஜ் ஏறும் என்று நான் சொன்னதை அவர் நம்பவேயில்லை. தான் குறைத்துச் சுவாசித்தால்தான் அக்காவுக்கு மிஞ்சும் என்று அவ்வளவு தூரமும் மூச்சடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

வயரைச் சுவரில் செருகினேன். பெரியம்மாவின் தோள்கள் மெல்லத் தணிந்தன. ஆனால் இப்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். சிலிண்டரை எடுக்கக் காருக்கு ஓடினேன். அது என் சாமான்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. பம்பு, முக்கோணம், சுத்தியல் எல்லாவற்றையும் முற்றத்தில் தூக்கி எறிந்துவிட்டு அதை இழுத்தெடுத்தேன்.

நான் திரும்பி வந்தபோது மெஷின் நின்றிருந்தது. பெரியம்மாவின் விரல் இன்னும் ஆளியில் இருந்தது. மற்றக் கையில் கழற்றிய குழாயை அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"காணும் பிள்ளை, நிப்பாட்டிப்போட்டன். நீ திரும்பிப் போகவேணுமெல்லே."

அம்மா தலையை ஆட்டி மறுத்தார். இரண்டு பேரும் வாயால் மூச்சு வாங்கியபடி அந்தக் குழாயை ஒருவர் பக்கம் மற்றவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.