பதினோரு நிமிடம் துல்லியோவாக

துல்லியோ மொர்காந்திக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை, குரலே போய்விட்டது என்று கேள்விப்பட்ட அன்று எல்வியோ பஸ்காரெல்லி மதியச் சாப்பாட்டை வழக்கத்தைவிட ரசித்துச் சாப்பிட்டார். பாஸ்தாவை இன்னொரு முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். எதனால் இத்தனை சந்தோஷம் என்று பாதித் தட்டில்தான் அவருக்கே உறைத்தது. மீதியைச் சாப்பிட முடியவில்லை. எழுந்துபோய்த் தட்டைத் தானே கழுவி வைத்தார். முப்பது வருஷத்தில் இல்லாத அந்தக் காட்சியை மனைவி இல்தே வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள்.

எல்வியோ டப்பிங் கலைஞர். ரோமில் பிறந்து, ரோமிலேயே இருட்டு அறைகளில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று காலத்தைக் கழித்தவர். எழுபத்திரண்டில் 'உப்பு' என்றொரு படம் வந்தது. ஜெனோவா துறைமுகத்தில் கடத்தல் செய்யும் கொர்வீனோ என்பவனின் கதை. கொர்வீனோவாக நடித்தவர் யூகோஸ்லாவியக் குத்துச்சண்டைக்காரர். அவருக்கு இத்தாலிய மொழியில் காபி கேட்க மட்டும்தான் தெரியும். முகம் அவருடையது, குரல் எல்வியோவுடையது. படம் ஓடு ஓடென்று ஓடியது. தெருவில் பையன்கள் எல்வியோவின் குரலில் ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டார்கள்.

அடுத்த படம் 'துரு'. எழுபத்துநாலு ஜூன் மாதம் எல்வியோவுக்கும் இல்தேவுக்கும் கல்யாணம். இருவரும் சார்தீனியாவுக்குக் கப்பலேறிப் போயிருந்தார்கள். ஜூலையில் நடப்பதாக இருந்த டப்பிங்கைத் தயாரிப்பாளர் திடீரென்று முன்னால் தள்ளிவிட்டார். தங்கியிருந்த விடுதியில் தொலைபேசி கிடையாது. ஸ்டூடியோவில் யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தார்கள். துல்லியோ உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது படமான 'தார்' மறுபடி எல்வியோவுக்கே வந்தது. ஆனாலும் மூன்றில் எது சிறந்தது என்று யாரைக் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொன்னார்கள். அதிலும் அந்தத் தொலைபேசிக் காட்சி. காட்டிக்கொடுக்கப்பட்டுவிட்டோம், இனி வீடு திரும்ப முடியாது என்று தெரிந்த கொர்வீனோ, பெட்ரோல் பங்க் தொலைபேசியிலிருந்து பாஸ்தாவுக்கு உலை வைக்கப்போகும் மனைவியைக் கூப்பிட்டு, "தண்ணிய அடுப்புல வைக்காத, நான் வந்தப்புறம் வைக்கலாம்" என்று சொல்லும் காட்சி. இல்தே அதற்கு ஒவ்வொரு முறையும் அழுவாள். அந்தப் படத்துக்குப் பிறகு துல்லியோவை ஹாலிவுட் நட்சத்திரங்களுக்குக் குரல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். எல்வியோ கார்ட்டூன் முதலைக்கும் பிஸ்கட் விளம்பரத்துக்கும் பேசினார். 'துரு' தொலைக்காட்சியில் வந்தால் எழுந்துபோய் முகச்சவரம் செய்துகொள்வார். ஒரு நாளில் இரண்டு முறை சவரம் செய்த நாட்களும் உண்டு.

இரண்டாயிரத்து நாலு மார்ச்சில் பொலோஞாவிலிருந்து ஃபியம்மா என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். பழைய படங்களைச் சுத்தம் செய்து டிவிடியாக வெளியிடும் சின்னக் கம்பெனி. கொர்வீனோ படங்கள் மூன்றையும் ஒரே பெட்டியில் போடப்போகிறார்களாம். நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்றாள்.

பேட்டி எடுக்கத்தான் வருகிறாள் என்று எல்வியோ முடிவுகட்டினார். கீழே காபிக் கடையில் எல்லோரிடமும் சொன்னார். நீலச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். வந்தவளிடம் கேமரா இல்லை. நாற்பது வயதிருக்கும்; ஒலியைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. பையிலிருந்து ஃபிலிம் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். சுருண்டு, சுருங்கி, வினிகர் நெடி அடித்தது.

"மூணு படத்துக்கும் நெகட்டிவ் நல்லா இருக்கு சார். ஒவ்வொரு ஃப்ரேமா கீறல எடுத்துட்டோம். சவுண்டுலதான் பிரச்சன. 'துரு'வோட நாலாவது ரீல் சவுண்ட் மொத்தமும் இப்படி ஆயிடுச்சு. பதினோரு நிமிஷம். அந்த ஃபோன் சீனும் அதுலதான்."

"வேற பிரிண்ட் இல்லையா?"

"ஒரு பழைய வீடியோ கேசட் இருக்கு. கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது. மியூசிக், துப்பாக்கிச் சத்தமெல்லாம் தனியா கெடச்சுடுச்சு. குரல் மட்டும் வேணும். அந்த ரீல்ல பேசுறது கொர்வீனோ மட்டும்தான். மத்தவங்க எல்லாம் அடிதான் வாங்குறாங்க."

எல்வியோ குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். "பதினோரு நிமிஷம் எதுக்கும்மா? படம் முழுக்கவே பேசிக் குடுக்கறேன். மூணு படத்துக்கும் ஒரே குரலா இருந்துட்டுப் போகட்டும். நியாயமா அப்படித்தான் இருந்திருக்கணும்."

ஃபியம்மா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "இல்ல சார். மிச்சமெல்லாம் துல்லியோ சாரோட குரல் அப்படியே இருக்கும். இந்த ரீல்லயும்... அவர் மாதிரியே பேசணும். ஒட்டுப்போட்டது தெரியக்கூடாது."

"அவன் மாதிரியா?"

"ஆமா சார்."

"உனக்கு ரயிலுக்கு நேரமாச்சும்மா" என்றார் எல்வியோ.

கதவைச் சாத்திவிட்டு வந்து, சமையலறையில் நின்றுகொண்டு கத்தினார். என் பாத்திரத்தைத் திருடினவன் மாதிரி நான் பேசணுமாம்! ஃபியம்மாவை மாடிப்படிவரை வழியனுப்பிவிட்டு வந்த இல்தே பட்டாணி உரிக்க உட்கார்ந்தாள்.

"இஷ்டமில்லன்னா விடு. வேற ஆள் இருக்கானாம், மாடிப்படியில எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. சனிக்கிழம டிவியில மிமிக்ரி பண்றானே, மஞ்ச கோட்டு போட்டுக்கிட்டு, அவன்."

"அந்தக் கோமாளியா? கொர்வீனோவையா?"

"துல்லியோ மாதிரி அச்சு அசலா பேசுறான்ல."

எல்வியோ ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார். கொர்வீனோவைத் துல்லியோவுக்கு விட்டுக்கொடுப்பது ஒரு வயிற்றெரிச்சல். மஞ்சள் கோட்டுக்காரனுக்குக் கொடுப்பது அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல். சாயங்காலத்துக்குள் ஃபியம்மாவைக் கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் வேறு வழியில்லை, ஃபியம்மா அனுப்பிய கேசட்டில் படத்தைப் பார்த்தாக வேண்டும். முப்பது வருஷத்தில் முதல்முறையாக முழுதாகப் பார்த்தார். குறை கண்டுபிடிப்பதற்காகவே கையில் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தார். இருபதாவது நிமிடத்தில் ஒன்று அகப்பட்டது. ஜெனோவாக்காரனான கொர்வீனோ ஒரு வாக்கியத்தில் அப்பட்டமான ரோம்காரனாகப் பேசினான். "கேட்டியா? கேட்டியா?" என்று அதையே ஐந்து முறை ஓடவிட்டார்.

"கேட்டேன், கேட்டேன். மேல ஓட்டு" என்றாள் இல்தே.

அதற்குமேல் ஒன்றும் அகப்படவில்லை. தான் சத்தம் போட்டிருக்கக்கூடிய இடங்களில் துல்லியோ குரலை இறக்கியிருந்தார். சொற்களுக்கு நடுவில் மூச்சை விட்டிருந்தார், சுமை தூக்கியவன் விடுவதுபோல. தொலைபேசிக் காட்சி வந்தபோது, கேசட்டின் இரைச்சலுக்குள்ளும் அந்தக் குரல் கம்மியது கேட்டது. இல்தே சமையல் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்வியோவின் காகிதத்தில் அந்த ஒரு குறையைத் தவிர வேறொன்றும் இல்லை.

வசனத்தாள்கள் துல்லியோவிடம் இருக்கக்கூடும், வாங்கி வர முடியுமா என்று ஃபியம்மா கேட்டாள். ஒரு காலை நேரம் எல்வியோ ரயிலேறி ஓஸ்தியாவுக்குப் போனார். துல்லியோ கடலைப் பார்த்த வீட்டில் மகள் லவினியாவோடு இருந்தார். கழுத்தில் பட்டுத்துணி சுற்றியிருந்தது. மெலிந்திருந்தார். முன்னால் ஒரு பள்ளிக்கூட நோட்டு. எல்வியோ விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய், பழுப்பேறிய தாள்கட்டு ஒன்றை எடுத்து வந்து மேசையில் போட்டார்.

எல்வியோ ஆவலோடு புரட்டினார். ரகசியக் குறிப்புகள் இருக்கும், எங்கே நிறுத்துவது, எங்கே இறக்குவது என்று. ஓரங்களில் ஒரு பல் வைத்தியரின் எண்ணும் கால்பந்து ஆட்ட முடிவுகளும்தான் எழுதியிருந்தன.

"டேய், இந்த ஃபோன் சீனை எப்படிடா பேசின? அந்தக் கம்மல் எப்படி வந்துது?"

துல்லியோ யோசித்தார். நோட்டில் எழுதித் திருப்பிக் காட்டினார். 'ஜுரம். நாலு நாள்ல முடிச்சோம். ஒண்ணும் ஞாபகம் இல்ல. நல்ல படமா அது?'

எல்வியோ அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷமாகத் தன் தூக்கத்தைத் தின்ற காட்சி இவனுக்கு ஒரு ஜுரம். 'நல்ல படமா அது' என்று கேட்கிறான்! அடிக்கலாம் போலிருந்தது.

துல்லியோ மறுபடி எழுதினார். 'படி. சத்தமா.'

எல்வியோ நின்றுகொண்டு படித்தார். துல்லியோ கையைத் தாழ்த்திக் காட்டினார்: மெல்ல. எல்வியோ மெல்லப் படித்தார். கை இன்னும் தாழ்ந்தது. மூன்றாவது முறை "தண்ணிய அடுப்புல வைக்காத" என்ற இடம் வந்தபோது துல்லியோவின் உதடுகளும் கூடவே அசைந்தன. சத்தம் வரவில்லை, துணிக்குப் பின்னாலிருந்து காற்று மட்டும் வந்தது. எல்வியோ நிமிர்ந்து பார்த்தார். எல்வியோவின் வாயையே துல்லியோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை எல்வியோவுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

உடனே ஓர் இனிப்பு உடம்பெல்லாம் ஓடியது. தேவையே இல்லாமல் அடுத்த பக்கத்தையும் படித்தார், தன் சொந்தக் குரலில், கணீரென்று. துல்லியோ நோட்டை இழுத்து, பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதினார். 'போதும். போ.'

வாசல்வரை வந்த லவினியா, "என்ன அங்கிள், அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?" என்றாள். எல்வியோ ஏதோ சாக்குச் சொன்னார். ரயிலில் இனிப்பெல்லாம் இறங்கிப்போய் வாய் கசந்தது. நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். போகவில்லை.

பொலோஞாவில் இரண்டு நாள் ஒலிப்பதிவு. கண்ணாடிக்குப் பின்னால் ஃபியம்மா. திரையில் கீறலெல்லாம் போன கொர்வீனோ, நேற்றுத்தான் படம் பிடித்ததுபோல் வியர்த்துக்கொண்டு நின்றான். முதல் நாள் முழுக்க எல்வியோ திருட்டுத்தனம் செய்தார். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் தன் பழைய கொர்வீனோவைக் கொஞ்சம் ஒட்டிவிட்டார்.

"சார், நீங்க வந்துட்டீங்க" என்பாள் ஃபியம்மா.

"எங்கே?"

"கடைசி வார்த்தையில. மறுபடி எடுக்கலாம்."

இருபத்தாறு முறை எடுத்தார்கள். மறுநாள் காலையில் தொண்டை கட்டிவிட்டது. தன் குரலை இடையில் ஒளித்து வைக்கக்கூடச் சத்து இல்லாமல் தொலைபேசிக் காட்சியை ஒரே மூச்சில் பேசி முடித்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஃபியம்மா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். பிறகு சொன்னாள்: "எனக்கே தெரியல சார், யாருன்னு."

அது பாராட்டா என்று எல்வியோவுக்குப் புரியவில்லை.

நவம்பரில் கறுப்புப் பெட்டியாக வெளிவந்தது. உள்ளே இருந்த சிறுபுத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், நாலாவது ரீல் மறுபதிவு என்று அவர் பெயர். இல்தேவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். காட்சி ஓடும்போது திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தார். முகம் காய்ந்திருந்தது.

"அழலையே?"

"உன் குரல்னு தெரிஞ்சப்புறம் எப்படி அழறது? இதே குரல்தானே காலையில என் செருப்பு எங்கன்னு கத்துச்சு."

"அவன் பேசினா மட்டும் அழுவ."

"அவன் செருப்ப நான் தேடறதில்லையே."

ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த அடி செய்தித்தாளில் வந்தது. அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு விமர்சகர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். தொலைபேசிக் காட்சியை மட்டும் தனிப் பத்தியில் புகழ்ந்து, இப்படிப் பேச மொர்காந்தி ஒருவரால்தான் முடியும் என்று முடித்திருந்தார். எல்வியோ காபிக் கடையில் நின்றபடி அதை மூன்று முறை படித்தார். வீட்டுக்கு வந்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். முதல் கடிதம் நாலு பக்கம். கடைசிக் கடிதம் நாலு வரி. தபாலிலும் போட்டார். அவர்கள் அதைப் பிரசுரிக்கவில்லை.

துல்லியோ இரண்டாயிரத்து ஏழு பிப்ரவரியில் இறந்தார். ஓஸ்தியா தேவாலயத்தில் உட்கார இடமில்லை. எல்வியோவும் இல்தேவும் தூணோரம் நின்றார்கள். பாதிரியார் பேசி முடித்ததும் லவினியா எழுந்து, அப்பாவுடைய குரலைக் கடைசியாக ஒருமுறை கேட்கலாம் என்றாள். கறுப்புப் பெட்டியிலிருந்த டிவிடியை ஓடவிட்டார்கள், ஒலிபெருக்கி கரகரத்தது.

"தண்ணிய அடுப்புல வைக்காத. நான் வந்தப்புறம் வைக்கலாம்."

தேவாலயம் முழுக்க விசும்பல் கேட்டது. முன்வரிசையில் ஒரு கிழவர் தோள் குலுங்க அழுதார். சவப்பெட்டியைத் தூக்கியபோது எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், இங்கே கலைஞர்களை அப்படித்தான் வழியனுப்புவது. எல்வியோவும் தட்டினார். தட்டாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் பார்ப்பாரே.

செத்தும் என்னைவிட நன்றாகப் பேசுகிறான் என்று ஒரு கணம் தோன்றியது. பேசியது யார் என்று அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

வாசலில் லவினியா அவரைக் கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "கேட்டீங்களா அங்கிள்? அப்பா எப்படிப் பேசியிருக்காருன்னு. ஜுரத்தோட பேசினாராம்."

"கேட்டேம்மா."

"அந்தப் படத்துல நீங்களும் பேசியிருக்கீங்க இல்ல?"

இல்தே அவர் முழங்கையைத் தொட்டாள். உண்மை எல்வியோவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"மொதலும் மூணாவதும்தாம்மா. ரெண்டாவது உங்கப்பா."

ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது இல்தே அவர் கையைக் கோத்துக்கொண்டாள். "நல்ல காரியம் பண்ணின" என்றாள்.

"பெரிய மனுஷன்னு நெனச்சுக்காத. அந்தக் கிழவன் அழுதானே, பாத்தியா? எனக்காக அழுதான்! சொல்லியிருக்கணும். வயிறு எரியுது."

"திரும்பிப் போய்ச் சொல்லிட்டு வா. நான் நிக்கறேன்."

எல்வியோ நின்று திரும்பிப் பார்த்தார். தேவாலய வாசலில் இன்னும் கூட்டம் கலையவில்லை. அவர்கள் நிலையத்துக்குப் போய்ச் சேரவும் ரயில் வந்தது. இல்தே முதலில் ஏறினாள். கதவு மூடுவதற்கு முன் அவரும் ஏறிக்கொண்டார்.