அத்தானின் பெயரில் வந்த சீமெந்து

சண்டையெல்லாம் முடிந்து நெடுநாள் கழித்து உடையார்கட்டுக்குப் போய்ப் பார்த்தபோது எங்கள் காணியில் இரண்டு அத்திவாரங்கள் மட்டும் மிஞ்சிக் கிடந்தன. ஒன்று என்னுடையது. மற்றது என் மனைவியின் அக்காவைக் கட்டிய சகலனுடையது. பற்றைகளை விலத்திக்கொண்டு நின்ற எனக்கு முதலில் கண்ணில் பட்டது, அவருடைய அத்திவாரம் என்னுடையதைவிட ஒரு வரிசைக் கல் உயரமாக இருந்ததுதான். வீடு வாசல் போன கவலை அதற்குப் பிறகுதான் வந்தது. அன்றைக்கும் வயிறு எரிந்தது என்று சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த காலத்தில்தான் அந்த இரண்டு வீடுகளும் எழும்பின. காணி மாமியுடையது. பிரித்து உறுதிப் பத்திரம் எழுதுவோம் என்று நான் சொன்னபோது அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"இப்ப என்ன அவசரம்? கிணத்துக்கு அங்காலை மூத்தவளுக்கு, இஞ்சாலை இளையவளுக்கு. எழுதினாத்தானோ அவையள் என்ரை பிள்ளையள்?" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

சகலன் கூட்டுறவுக் கடையில் மனேஜர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனை. ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் பில் துண்டு கேட்டு வாங்கி, நாலாய் மடித்து வைத்துக்கொள்ளும் மனிதர். என் மனைவிக்கு அவர் அத்தான். காலையில் எழும்பினால் எங்கள் வீட்டில் அத்தான் புராணம்தான். அத்தான் கிணற்றுக்குக் கட்டுக் கட்டிவிட்டார். அத்தான் அக்காவுக்குத் தையல் மெசின் எடுத்துக் கொடுத்துவிட்டார். அத்தான் சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். நானோ பற்றரி சார்ச் பண்ணிக் கொடுக்கும் கடை வைத்திருந்தேன். கரண்ட் இல்லாத ஊரில் நல்ல தொழில். ஆனால் பகல் முழுக்க ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்தவனுக்கு, வீட்டுக்கு வந்தவுடன் குரல் எப்படி இறங்கும்?

வீடு கட்டச் சீமெந்தும் கம்பியும் ஓடும் வவுனியாவிலிருந்துதான் வரவேண்டும். ஓமந்தையில் ஆமிக்காரரின் சோதனைக்கு இறக்கி ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தால், சாமானுக்கு இயக்கத்தின் வரி. லொறிக் கூலியும் சேர்ந்தால் ஆளுக்கொரு லொறி பிடிப்பது கட்டாது. இருவருக்கும் சேர்த்து ஒரே லொறியில் எடுப்போம் என்று சகலன் சொன்னார். அவரே வவுனியாவுக்குப் போய்வந்தார். எனக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போக வசதியில்லாததால் என் பங்குக் காசை அவரிடம் கொடுத்துவிட்டேன். அங்கே கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி பில் எழுதும்போது பெயர் கேட்டிருக்கிறார். முன்னால் நிற்கிறவரின் பெயரைத்தானே எழுதுவார்கள்? வரி கட்டிய துண்டுகளிலும் அதே பெயர்தான் விழுந்தது. அப்போது அது எனக்கு ஒரு விசயமாகவே தெரியவில்லை.

அவர் மேசன்மாரை வைத்துக் கட்டினார். நான் விடியச் சீமெந்துக் கல் அரிந்து, கடையால் வந்து தண்ணீர் ஊற்றி, மேசனுக்குப் பக்கத்தில் நானும் ஒரு மேசனாக நின்று கட்டினேன். கூரை போட்டு முடிந்ததும் என் கையிலிருந்த காசும் முடிந்தது. அவர் வீட்டில் முதிரை மரக் கதவுகள் ஏறின. என் வீட்டு வாசல்களில் கதவுக்குப் பதிலாகத் தறப்பாள் தொங்கியது. ஆடு வந்தது, நாய் வந்தது, மழைச் சாரல் வந்தது. ஒருநாள் குசினி வாசலால் ஒரு பாம்பும் வந்து அரிசி வாளிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. அதற்குப் பிறகு என் மனைவி நிம்மதியாகக் கண்மூடவில்லை. "கதவு எப்ப?" என்பதைத் தவிர என்னோடு கதைக்க அவளுக்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு செய்தி வந்தது. தான் குடியிருப்பதற்காகத் தன் காசில் வீடு கட்டியவர்களுக்கு, கட்டுமானச் சாமானுக்குக் கட்டிய வரியைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம். ஒரு ஆளுக்கு ஒரு வீடு, ஒரே ஒரு தடவை. வீட்டில் ஆட்கள் இருக்க வேண்டும், துண்டுகள் இருக்க வேண்டும். இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவரும் சகலன்தான். நல்ல செய்தியாக ஊருக்குள் வந்தால் அது முதலில் அந்த மனிதரின் காதில்தான் விழும்.

நான் மனதுக்குள் கதவுகளைப் பூட்டித் திறந்து பார்த்துவிட்டேன். அடுத்தநாள் அவர் ஒரு பிஸ்கற் ரின்னோடு வந்தார். அதற்குள் இரண்டு வீட்டுக்கும் வந்த எல்லாச் சாமானின் துண்டுகளும் அடுக்காய் இருந்தன.

"எல்லாம் கிடக்கு. ஆனா உங்கடை பேரிலை ஒண்டும் இல்லை," என்றார் மெல்லிய குரலில். "இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா, இவ்வளவு சீமெந்துக்கும் வீடு எங்கை எண்டு வந்து பாப்பினம். என்ரை வீட்டுக்குரியதைத்தான் தருவினம்."

என் மனைவியின் முகம் செத்துப்போனது. அவருக்குக் கிடைக்கும், எனக்கு இல்லை. அவருக்கோ ஏற்கனவே கதவு இருக்கிறது. கடவுளுக்குக்கூட மனேஜர்மாரைத்தான் பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு வழி இருக்கு," என்றார்.

அவர் வீட்டு விறாந்தைக்கும் என் வீட்டு விறாந்தைக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டில் போகக்கூடிய இடைவெளிதான். அதற்கு மேலால் தகரம் போட்டு, இரண்டு பக்கமும் அரைச் சுவர் வைத்தால் இரண்டும் ஒரே வீடு. காணியும் ஒன்று, உறுதியும் ஒன்று, துண்டுகளும் ஒரே பெயரில். முழு வரியும் திரும்பி வரும். என் பங்கை எனக்குத் தந்துவிடுவார்.

"ஆனா ஆள் வந்து கேட்டா, வீடு என்ரை எண்டு சொல்லவேணும். நீங்கள் எங்களோடை இருக்கிறியள் எண்டு. குறை நினையாதேங்கோ."

"அதுக்கென்ன அத்தான், சொன்னாப் போச்சு," என்றாள் என் மனைவி.

அவர் போனதும் நான் வெடித்தேன். கல் அரிந்த கை என்னுடையது, முதுகு என்னுடையது, அவருடைய வீடு என்று நான் எப்படிச் சொல்வேன் என்று கேட்டேன்.

"சொன்னா வீடு எழும்பி ஓடிப்போடுமே?"

"உனக்கு விளங்காது."

"கதவில்லாத வீட்டுக்கு உங்கடை பேர் இருந்தென்ன, விட்டென்ன?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

தகரம் வந்தது. சகலனும் நானும் ஏணி வைத்து ஏறினோம். வாழ்க்கையில் ஒரு ஆணி அடித்திராத மனிதர், மூன்றாவது ஆணியிலேயே விரலில் சுத்தியலைப் போட்டுக்கொண்டார். பொய் சொல்லக்கூடாது, எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம். ஆனால் அது ஏணியால் இறங்குவதற்குள் போய்விட்டது. என் மனைவி தன் பழைய சீலையில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்து, "ஐயோ அத்தான், நீங்கள் ஏன் இதெல்லாம் செய்யிறியள்?" என்று விரலைச் சுற்றிக் கட்டினாள். மாதக்கணக்காகச் சீமெந்தில் வெடித்துக் கிடந்த என் கைகள் இரண்டும் அவளுக்கு முன்னால்தான் தொங்கிக்கொண்டிருந்தன. சகலனின் மனைவி, என் மச்சாள், எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் குடிக்கவில்லை.

வரிக் கந்தோரிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நடுத்தர வயது, அமைதியான மனிதர். அறை அறையாகப் பார்த்தார். சகலனின் பக்கத்தில் முதிரைக் கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, தகரத்துக்குக் கீழால் எங்கள் பக்கம் வந்து தறப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரே வீட்டிலை இதென்ன அங்கை ஒரு மாதிரி, இஞ்சை ஒரு மாதிரி?"

"இந்தப் பக்கம் இன்னும் முடியேல்லை," என்றார் சகலன்.

வந்தவர் என்னைப் பார்த்தார். "நீங்கள் ஆர் அண்ணை?"

நான் சொல்லவேண்டியதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துத்தான் வைத்திருந்தேன். சகலன் வீடு, நாங்கள் அண்டி இருக்கிறோம். அவ்வளவுதான். ஆனால் ஜெனரேற்றருக்கு மேலால் கத்துகிற என் தொண்டையிலிருந்து காற்றுக்கூட வரவில்லை. சகலன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சாள் என்னைப் பார்த்தார்.

"இவர் என்ரை அவர்," என்று என் மனைவி முன்னால் வந்தாள். "நாங்கள் அத்தானோடை இருக்கிறம்."

"அப்ப வீடு?"

"அத்தான்ரை வீடு," என்றாள்.

தடக்கவே இல்லை. கடையில் சீனி கேட்பதுபோலச் சொன்னாள். சொன்னதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வந்தவரைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், "இந்த யன்னலைக்கூட அத்தான்தான் கிழக்காலை வைக்கச் சொன்னவர், விடிய வெளிச்சம் வருமெண்டு," என்று காட்டினாள்.

அந்த யன்னலுக்காக நான் கட்டிமுடித்த சுவர் ஒன்றை இடித்தவன். கிழக்கில் யன்னல் வேண்டும் என்று அவள் மூன்று நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்ததால் இடித்தேன். தனக்குத் தோன்றிய ஆசை என்றுதான் அன்றைக்குச் சொன்னாள். இப்போது வந்தவருக்காகக் கதை விடுகிறாளா, அல்லது அன்றைக்கு எனக்குத்தான் கதை விட்டாளா என்று தெரியவில்லை. இன்றுவரை நான் கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான்.

வந்தவர் சிரித்துக்கொண்டு எழுதினார். வீடு வடிவாய் இருக்கிறது என்று சகலனுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

சில கிழமைகளில் வரி திரும்பி வந்தது. சகலன் அன்றைக்கே என் பங்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் அவருக்கு முன்னாலேயே எண்ணிப் பார்த்தேன். மரியாதை இல்லை என்று தெரிந்தும் எண்ணினேன். ஒரு சதம் குறையவில்லை. நடுவில் போட்ட தகரத்தின் செலவையும் தன் பக்கத்தில் போட்டிருந்தார். என் பங்கில் கொஞ்சத்தை எடுத்திருந்தால் எனக்கு அன்றைக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியிருக்கும். திட்டுவதற்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் போகிற மனிதரை என்ன செய்வது?

அவர் போனபின் என் மனைவி கதிரையை இழுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். கலியாணமான புதிதில் இருந்ததுபோல முகம்.

"இஞ்சருங்கோ, என்ன மரத்திலை போடுவம்? முதிரையோ, வேம்போ?"

"அத்தானைக் கேள்," என்றேன்.

அவளுக்குக் குத்தட்டும் என்றுதான் சொன்னேன். ஒரு வாக்குவாதம் வரும், அதில் யன்னலையும் விரலுக்குக் கட்டுப் போட்டதையும் மற்ற எல்லாவற்றையும் இழுத்துப் போடலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஓம், அதுவும் சரிதான்," என்று எழும்பினாள். செருப்பும் போடாமல், நாங்கள் போட்ட தகரத்துக்குக் கீழால் அந்தப் பக்கம் நடந்தாள். அவர்கள் கதைப்பது எனக்குக் கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. அவர் குரல் எப்போதும்போல மெல்லியதாக இருந்தது. அவள் ஏதோ கேட்டாள், அவர் நீளமாக ஏதோ சொன்னார். பிறகு அவள் திரும்பி வந்தாள். வரும்போது என்னைப் பார்த்த பார்வையில் ஒரு புதிய மரியாதை இருந்தது.

"அத்தான் சொல்லுறார், இது உங்கடை வீடாம். உங்கடை கையாலை கட்டினதாம். உங்களைத்தான் கேக்கவேணுமாம்."

அவர் சொன்னபிறகுதான் அவளுக்கு அது தெரிந்தது.

"வேம்பு," என்றேன். எனக்கும் முதிரைதான் ஆசை. ஆனால் அது அவர் வீட்டில் இருந்தது.