துணிக்கம்பியில் இரண்டாம் கூடு

மார்ச், முதல் வாரம்: வீட்டின் பின்புறத் துணிக்கம்பியில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டத் தொடங்கியது.
மார்ச், இறுதி: குஞ்சுகள் இரண்டு.
ஏப்ரல், முதல் வாரம்: பாம்பு இரண்டையும் விழுங்கியது. தாய் தப்பியது.
ஏப்ரல், நடுப்பகுதி: அதே கம்பியில் இரண்டாம் கூடு.
ஏப்ரல், இறுதி: முட்டைகள் இரண்டு. பெண்பறவை அடையில் அமர்ந்தது.
மே, முதல் வாரம், செவ்வாய், விடியற்காலை: என் மனைவி காலமானாள்.

தீவில், ஜெலுத்தோங் பகுதியில் எங்களுடையது வரிசை வீடு. பின்புறம் என்பது ஒரு குழாயும் சிமெண்ட் தரையும் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய கம்பியும் மட்டுமே. நோய் முற்றியபின் அவளது கட்டிலை அந்தப் பக்கத்து ஜன்னலோரம் போட்டிருந்தோம். பணிக்காலம் முழுவதும் பள்ளியில் உயிரியல் கற்பித்தவள் அவள். காய்ந்த இலையும் சிலந்தி நூலுமாகக் கம்பியில் எதுவோ தொங்குவதைக் கண்டு நான் துடைப்பத்துடன் போனபோது, உள்ளிருந்து குரல் வந்தது: "ஏங்க, தொடாதீங்க. அது குப்பை இல்ல, கூடு." அன்றிலிருந்து எங்கள் துணிகள் கம்பிக்குப் போகவில்லை. மஞ்சள் வயிற்று ஆண்பறவை சுவர்மேல் நின்று கத்திக்கொண்டிருக்க, பெண் ஓயாமல் பஞ்சு சுமந்தது. "பாட்டு மட்டும் ஐயா பாடுவாரு, வேலையெல்லாம் அம்மா. நம்ம வீடு மாதிரிதான் லா," என்று சிரித்தாள். அதன்பின் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

பாம்பு வந்த பிற்பகல் அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். விழித்ததும் என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"காக்காவா?"

"பாம்பு."

"தாய்?"

"தப்பிச்சிருச்சு."

"அப்ப மறுபடியும் கட்டும்."

கட்டியது. முட்டையிட்ட செய்தியை நான் சொன்ன மாலையில், கண்களைத் திறக்காமலே பேசினாள்: "இதுங்க பறக்கறத நான் பார்க்க மாட்டேன். நீங்க பாருங்க. அது வரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க." எங்கள் மணவாழ்வில் அவள் என்னிடம் எதையும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் மைத்துனி, அவளுடைய தங்கை, கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து முதல் ஃபெரியில் வந்து சேர்ந்தாள். உடலைப் பின்புறக் குழாயடியில் குளிப்பாட்டுவதே குடும்ப வழக்கம். முன்புறக் கார் நிறுத்துமிடத்தில் செய்யலாம் என்றேன். மைத்துனிக்குக் கண் சிவந்தது.

"ரோட்டுல போறவன் வர்றவன் பார்க்கவா அத்தான்? ஏன், பின்னால என்ன?"

"கூடு இருக்கு."

"அக்கா கெடக்கிறா, உங்களுக்குக் குருவி முக்கியமாப் போச்சா?"

அவளுடைய அக்காவின் சொல் அது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் குரல் உடையும் என்று தோன்றியது. உறவுக்காரப் பெரியவர் ஒருவர், "விடும்மா, மனுசன் கலங்கிப் போயிருக்காரு," என்றார். பெண்கள் நான்கு புறமும் சேலைகளைப் பிடித்துக்கொள்ள, என் மனைவி தெருவோரம் குளிப்பாட்டப்பட்டாள். பின்கதவையும் சந்துப்பக்கக் கதவையும் நானே பூட்டிச் சாவிகளை இடுப்பில் செருகிக்கொண்டேன். உறுமி மேளம் முழங்கிய நேரத்திலும் ஜன்னல் வழியே பார்த்தேன். கூட்டின் வாயில் வளைந்த சிறு அலகு தெரிந்தது.

ஒன்றை மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. மின்சுடலையிலிருந்து திரும்புகிறவர்கள் பின்புறக் குழாயடியில் தலை முழுகாமல் வீட்டுக்குள் நுழைவதில்லை. வண்டிகள் பின்சந்தில் வந்து நின்றன. சந்துப்பக்கக் கதவைத் திறக்க யாரோ என்னிடம் சாவி கேட்டார்கள். கொடுத்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைத்தவன் நான் என்பதால் முதல் வாளி எனக்கு. கம்பிக்கு நேர் கீழே நின்றேன். தலையில் நீர் விழுந்த கணத்தில் காதருகே சிறகோசை கடந்து போனது. எனக்குப் பின் ஒவ்வொருவராக, இருட்டும்வரை குளித்தார்கள். பறவை அடுத்த வீட்டு மாமரத்திலிருந்து வெகுநேரம் கத்தியது. மறுநாள் அதன் குரல் தொலைவில் கேட்டது. அதற்கு மறுநாள் கேட்கவில்லை. கூட்டுக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். முட்டைகள் குளிர்ந்திருந்தன.

கருமாதிக்காக வீட்டைக் கழுவ வந்த மைத்துனி, ஒட்டடைக் கோலுடன் பின்புறம் போனவள் கம்பியின் முன் நின்றுவிட்டாள். கூட்டைக் காக்கச் சொன்னது அவளுடைய அக்காதான் என்று இடையில் ஒருநாள் சொல்லிவிட்டிருந்தேன்.

"அத்தான், இன்னும் அடைகாக்குதா?"

"முட்டை இருக்கு," என்றேன்.

அவள் கோலைத் தாழ்த்தினாள். முற்றத்தில் ஓடிய தன் பிள்ளைகளை, "ஏய், சத்தம் போடாதீங்கடா, பெரியம்மாவோட குருவி," என்று அதட்டி விரட்டினாள். அந்தப் பக்கச் சுவரை மட்டும் கழுவாமல் விட்டுவிட்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்தினாள்.

இப்போது அக்டோபர். மழை பிடித்துக்கொண்டது. மைத்துனி தொலைபேசியில் பேசும்போதெல்லாம், குஞ்சுகள் பறந்து போனதை நான் பார்த்தேனா என்று கேட்கத் தொடங்குகிறாள். நான் ஃபெரி நெரிசலைப் பற்றி விசாரிக்கிறேன்.

செய்யாமல் நிற்கும் வேலைகள்:

கூட்டை இறக்குவது.
முட்டைகளை மண்ணில் புதைப்பது.
மைத்துனிக்குப் பதில் சொல்வது.
குளியலறைக் கூடையில் கிடக்கும் என் மனைவியின் பூப்போட்ட பாதிக் சாரோங் கைலியைத் துவைத்துக் கம்பியில் போடுவது.