மலைப்பிளவுச் சாலையில் மூன்றாம் நாள் விரதம்

முருகனை நம்பும் என் உறவுகளே, அவனை நான் வாய்விட்டுத் திட்டிய ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். சென்ற ஆண்டு கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். துனீசியாவின் தென்பகுதியில், ஆள் நடமாட்டமே இல்லாத மலைப்பிளவுக்குள் என் கணவர் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். கூப்பிட்டேன். நிமிரவில்லை.

நாங்கள் இத்தாலியின் பலேர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் இருக்கிறோம். ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, நான் சினோரா என்று கூப்பிடுபவரை, பராமரிப்பது என் வேலை. இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்த நாள்முதல் என் கணவருக்கு ஒரே ஆசை: காரைக் கப்பலில் ஏற்றி, அந்தப் பாலைவன மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு லீவு கிடைத்த வாரத்தில் சஷ்டி வந்தது. விரதத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"காருக்குள்ளையும் விரதம் பிடிக்கலாம்தானே. உம்மோடை நானும் பிடிக்கிறன்," என்றார்.

"உங்களுக்குச் சீனி வருத்தமெல்லோ?"

"குளிசையை ஒழுங்காப் போடுறன். குளிசை சாப்பாடில்லைத்தானே, விரதம் முறியாது."

எனக்கும் சரியென்று பட்டது. வெட்கத்தோடு சொல்கிறேன், பெருமையாகக்கூட இருந்தது. கண்ணில் பட்டால் மனம் அலையும் என்று காரில் ஒரு பிஸ்கட்கூட வைக்கவில்லை. தண்ணீர் மட்டும்தான்.

இருபுறமும் சிவந்த பாறைகள் வானம்வரை நின்றன. காலையில் அவற்றைப் பார்த்து இருவரும் வாயைப் பிளந்தோம். நண்பகலில் அதே பாறைகள் என்னைச் சுற்றிச் சுவர் எழுப்பியதுபோல் இருந்தது. அவருடைய சட்டை வியர்வையில் தொப்பலாகியிருந்தது. சினோராவுக்கும் இதே நீரிழிவு என்பதால், பட்டினியில் குளிசை போட்டு இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று உடனே விளங்கியது. விளங்கி என்ன பயன்? இனிப்பாக ஒரு துளி இல்லை. போனில் சிக்னல் இல்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

கதவைத் திறந்து, அவரை இழுத்து நிழலில் ஒருக்களித்துக் கிடத்தினேன். சாலையில் ஓடினேன், திரும்பி வந்தேன். மறுபடி ஓடினேன். அவரைத் தனியே விடவும் பயம், பக்கத்தில் சும்மா இருக்கவும் பயம்.

"முருகா, உனக்குக் கண் இல்லையோ? என்ரை விரதமும் வேண்டாம், வரமும் வேண்டாம். இந்த மனுசனைத் தா!"

மண்ணில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரமோ தெரியாது.

இரைச்சல் கேட்டது. வளைவில் ஒரு சின்ன லொறி. நிறையப் பேரீச்சங்குலைகள்! அங்கே அது அறுவடைக் காலமாம். ஓட்டி வந்தவரும் மனைவியும் இறங்கி ஓடி வந்தார்கள். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் "சுக்கெரோ, சுக்கெரோ" என்று சீனி கேட்டுக் கத்தினேன். அந்த அம்மா ஒரு பழத்தைத் தண்ணீரில் கரைத்துத் தந்தார். விழுங்க முடியாதவருக்கு ஊட்டக்கூடாது என்று எனக்குத் தெரியும். விரலால் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே இருந்தேன்.

கண் திறந்தார். நாக்கால் உதட்டைத் தடவினார்.

"என்னப்பா இது, விரதம் முறிஞ்சு போச்சே?"

"முறியட்டும்! வாயைத் திறவுங்கோ!"

அவர் மெதுவாக மென்றார். நானும் ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதேன். அந்த லொறியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

இந்த ஆண்டு சஷ்டிக்கு அவருக்கு மூன்று வேளையும் சமைத்துக் கொடுத்துவிட்டே நான் விரதமிருக்கிறேன். நோயுள்ளவர்களே, டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீர்கள். ஆனால் கைவிடப்பட்டோம் என்று தோன்றும்போது அவனைக் கூப்பிடுங்கள். திட்டியாவது கூப்பிடுங்கள். மயிலில்தான் வருவான் என்று பார்த்திருக்க வேண்டாம். எனக்கு அவன் பேரீச்சம்பழ லொறியில் வந்தான்.