லேப்டாப் கண்டுபிடித்த காமாலை

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஏலக்காய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் "நல்லா இருக்கு" என்று வாயைத் திறந்து சொல்லமாட்டோம். சொன்னால் விற்கிறவர் விலையை ஏற்றிவிடுவார். காயை அள்ளி உள்ளங்கையில் பரப்பி, கஷாயம் குடித்த முகத்தோடு "பரவாயில்ல" என்போம். எங்கள் ஊர் போடியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. நாளாவட்டத்தில் இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் மனைவி வைத்த மீன் குழம்பை "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் வெறும் ரசம் சாப்பிட்டவன் நான்.

இதில் அதிகம் நொந்தவர் என் தங்கை வீட்டுக்காரர். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரள மலையில் இருக்கும் எங்கள் தோட்டத்தை மாப்பிள்ளைதான் பார்த்துக்கொள்கிறார். பறித்த காயை உலர்த்துவதும் அவர் வேலை. சூடு கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் காயின் பச்சை போய்விடும், பச்சை போனால் அதைச் சீந்த ஆள் கிடையாது. பதினோரு வருடமாக அவர் கண் விழித்து உலர்த்தி அனுப்புகிறார். பதினோரு வருடமாக நான் "பரவாயில்ல" என்கிறேன். கலர் பார்ப்பதில் என் கண்ணுக்குப் போடியில் ஒரு பெயர் உண்டு. அந்தத் திமிரும் சேர்ந்துகொண்டது.

இப்படி இருக்கையில், வடக்கே ஒரு வியாபாரி நேராக எங்களிடமே சரக்கு எடுக்க முன்வந்தார். நேரில் வரமாட்டார். "நீங்க பாத்து கலர் இருக்குன்னு சொன்னா போதும், எடுத்துக்கிறேன்" என்றார் பாதி இந்தியிலும் பாதி இங்கிலீஷிலும். மாப்பிள்ளை அந்தச் சரக்குக்காகவே புதிதாக டிரையர் போட்டார். நான் என் பங்குக்கு லேப்டாப் வாங்கக் கிளம்பினேன். தோட்டத்திலிருந்து வரும் படங்களைப் பார்க்கவும் வியாபாரியோடு முகம் பார்த்துப் பேசவும் பெரிய திரை வேண்டும் என்பது என் கட்சி. போனில் எல்லாம் அழகாகத்தான் தெரியும், அதை நம்பக்கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

லேப்டாப் கடையில் இருந்தது பக்கத்து ஊர் சிலமலைப் பெண் ஒருத்தி. இன்ஜினியரிங் படித்தவள், பொறுமைசாலி. நான் லேப்டாப்பைக் கையில் வாங்கி எடை பார்த்தேன், காதோரம் வைத்துக் குலுக்கினேன், மூடியைத் திறந்து முகர்ந்தேன். காய் வாங்கி வாங்கி வந்த பழக்கம், கை தானாகச் செய்கிறது. அவள் மெதுவாக அதை என்னிடமிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, இது பிசினஸ் லேப்டாப். குலுக்குனாலும் தாங்கும். ஆனா குலுக்காதீங்க."

"சாதா லேப்டாப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் ஆத்தா?"

"கொஞ்சம் கறுப்பா இருக்கும்ணே" என்றாள். இவ்வளவு உண்மையாகப் பேசுகிற கடை வேறெங்கே கிடைக்கும் என்று உடனே வாங்கிவிட்டேன்.

நானே வந்து எல்லாம் போட்டுத் தருகிறேன் என்று அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. வீட்டு முன்பக்கம் இருக்கும் என் ஏலக்காய்க் கடையில் வைத்து, நல்ல நேரம் பார்த்து, மூடியைத் திறந்து, நெற்றிப் பக்கம் நடுவில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். ஜீப்பு வாங்கினால் வைக்கிறோம், தராசு வாங்கினால் வைக்கிறோம், இதற்கு மட்டும் வைக்காமல் விடலாமா? பிறகு பட்டனை அழுத்தியதும் அது கேள்வி கேட்க ஆரம்பித்தது. எந்த நாடு என்றது. அந்த வழுக்குப் பலகையில் விரல் ஒரு பக்கம் போனால் அம்பு வேறு பக்கம் போகிறது. இந்தியாவைத் தொடப் போய் எதையோ தொட்டுவிட்டேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் மரியாதையாக "ஆமாம்" என்றே அழுத்தினேன். கண்ணுக்கு இதமாக வைக்கட்டுமா என்று கூடக் கேட்டது. கூடப் பிறந்தவர்களே இதைக் கேட்டதில்லை. அதற்கு இரண்டு தடவை அழுத்தினேன்.

முதல் நாளே வீடியோவில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"மச்சான், குரல் வருது, ஆளைக் காணோமே. கும்மிருட்டா இருக்கு."

ஒரு மணி நேரம் போராடினோம். அணைத்துப் போட்டேன், வயரைப் பிடுங்கிச் சொருகினேன், லேசாகக் குலுக்கவும் செய்தேன். கடைசியில் மனைவி காப்பி கொண்டுவந்தவள், முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள். "கேமராவுக்குப் பொட்டு வச்சா அது எப்படிங்க பாக்கும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ரிப்பேர் பார்த்ததற்கு நான் நன்றி சொல்லவில்லை. பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

பொட்டு போனதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஆள் மஞ்சளாக இருந்தார். கன்னம் மஞ்சள், கண் மஞ்சள், சிரித்தால் பல்லும் மஞ்சள். சாயங்காலம் கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் போய், "மாப்ளைக்கு காமாலை மாதிரி தெரியுது, தங்கச்சிகிட்டயும் அவர்கிட்டயும் இப்போதைக்குச் சொல்லிக்கிடாத" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கால் மணி நேரத்தில் தங்கையிடம் சொல்லி, தங்கை சம்பந்தி வீட்டில் சொல்லி, ராத்திரிச் சோற்றுக்குள் இரண்டு மாநிலங்களுக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை முதல் ஜீப்பிலேயே கீழாநெல்லி ஒரு கட்டு மலையேறியது. அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுக்கச் சொன்னேன். எண்ணெய் கூடாது, கறி கூடாது, காரம் கூடாது. தங்கை என்னைவிடக் கெட்டிக்காரி, புளியையும் உப்பையும் சேர்த்து நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை போனில் கெஞ்சினார்.

"எனக்கு ஒண்ணுமில்ல மச்சான். பசிக்குது, அம்புட்டுத்தான்."

"காமாலைக்காரங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க மாப்ளே" என்றேன். எத்தனை காமாலைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

புது டிரையரில் உலர்த்திய காயின் படங்கள் அந்த வாரம் வந்தன. கடையில் உட்கார்ந்து லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். பச்சையே இல்லை. வைக்கோல் நிறத்தில், போன வருடத்துக் காய் போலக் கிடந்தது. மனைவி தன் போனில் பார்த்துவிட்டு, "நல்ல பச்சையாத்தானே இருக்கு?" என்றாள்.

"போனுல மூஞ்சியவே செவப்பாக் காட்டுறான், காயைப் பச்சையாக் காட்டமாட்டானா? இது பிசினஸ் லேப்டாப். உள்ளதை உள்ளபடி காட்டும்" என்று அவள் வாயை அடைத்தேன்.

உடம்பு சரியில்லாமல் மனிதர் சூட்டைக் கோட்டைவிட்டிருக்கிறார் என்று நானே ஒரு கதையையும் கட்டினேன். வியாபாரியிடம் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் உண்டு இல்லை என்று சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "கலர் இல்ல மாப்ளே. வேண்டாம்னு சொல்லிறலாம்னு இருக்கேன்" என்றேன்.

மாப்பிள்ளை நிதானமாகச் சொன்னார். "போதும் மச்சான். பதினோரு வருசமா பரவாயில்ல, இப்ப அதுவும் இல்ல. தோட்டத்தைப் பக்கத்து சேட்டனுக்குக் குத்தகைக்கு விட்டுருங்க. நான் எங்க ஊரு தேவாரத்துல எங்கப்பா காட்டைப் பாத்துக்கிட்டுப் போறேன்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் அவர்மேல் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது பயம். அவர் போய்விட்டால் அந்த மலையில் காயை அப்படி உலர்த்த வேறு ஆள் கிடையாது. அது எனக்கு முதல் வருடத்திலிருந்தே தெரியும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வியாபாரியைக் கூப்பிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். பஸ்சிலிருந்து இறங்கி மாப்பிள்ளை கடைக்குள் வந்தார். தோளில் ஒரு சிறு மூட்டை, கையில் ஒரு மஞ்சப்பை. ஆள் பாதியாக இளைத்திருந்தார், ஆனால் மஞ்சள் இல்லை. எப்போதும் போல நல்ல கறுப்பு. மூட்டையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார்.

காய் அத்தனையும் பச்சை. கிளியைப் பார்த்த மாதிரி இருந்தது.

நான் காயைப் பார்த்தேன், திரையில் இருந்த படத்தைப் பார்த்தேன், மறுபடி காயைப் பார்த்தேன். "படத்துல வேற காயா மாப்ளே?" என்று கேட்டதும் அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இதே காய்தான்" என்று ஒரு பிடி அள்ளி லேப்டாப் கேமரா முன்னால் நீட்டினார். திரையில் அது வைக்கோலாக மாறியது. அவர் குனிந்து தன் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் என் முகமும் தெரிந்தது. நான் அவரைவிட மஞ்சளாக இருந்தேன். இத்தனை நாளும் மூலையில் என் முகமும் தீப்பெட்டி அளவில் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. என்னைப் பார்த்துக்கொள்கிற வழக்கம் எனக்கில்லை, குறை சொல்ல அடுத்தவர்களே போதும்.

லேப்டாப் கடைப்பெண்ணைக் கூப்பிட்டோம். வெரசா வந்துவிட்டாள். வந்தவள் திரையின் ஓரத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, இப்ப மணி என்ன?"

"பத்தரை. காலைல."

"இதுல ராத்திரி ஒம்பது. நீங்க அமெரிக்காவுல எங்கயோ இருக்கிறதா இது நெனச்சுக்கிட்டிருக்கு. பொழுது சாஞ்சா கண்ணு கூசக்கூடாதுன்னு திரையை மஞ்சளாக்கச் சொல்லி நீங்கதான் ஆமாம் போட்டிருக்கீங்க. உங்களுக்குப் பகல் பூரா இதுக்கு ராத்திரிண்ணே. மணி தப்பா இருந்தது தெரியலையா?"

தெரிந்தது. கடையில்தான் சுவர்க் கடிகாரம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அவள் இரண்டு இடத்தில் தட்டினாள். திரை வெளுத்தது. படத்தில் இருந்த காய் பச்சையாயிற்று. மாப்பிள்ளை கறுப்பானார். எனக்கு மட்டும் முகம் சிவந்திருந்தது, அதற்கு லேப்டாப் காரணமில்லை.

வியாபாரியைக் கூப்பிட்டேன். "கலர் உண்டா?" என்று கேட்டார். "உண்டு. எடுத்துக்கங்க" என்றேன். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை காயைத் திரும்ப மூட்டையில் அள்ளிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் காத்திருந்தது வியாபாரியிடம் நான் சொன்ன வார்த்தைக்கு அல்ல என்று எனக்கே உறைத்தது. தொண்டையைச் செருமினேன். பதினோரு வருடம் அடைத்துக் கிடந்த வார்த்தை, வெளியே வர ரொம்பச் சண்டித்தனம் செய்தது.

"நல்லா இருக்கு மாப்ளே. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு."

அள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் எழுந்து என்னிடம் வந்தார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கட்டைவிரலால் என் கீழ் இமையை இழுத்துக் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. மேசையிலிருந்த மஞ்சப்பையை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே மிச்சமிருந்த கீழாநெல்லி.

"வெறும் வயித்துல மோருல கலந்து குடிங்க மச்சான்" என்றார். "எட்டு நாளைக்கு உப்பு கூடாது."